பகா எண் வீடு

மீட்டரக்காவோடு பேருந்தில் போகாதீர்கள். டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்த மறுநிமிஷம் அதன் எண்ணைப் பார்த்து, "இது ஏழால போகுது, பதிமூணாலயும் போகுது" என்று பக்கத்தில் இருப்பவளிடம் சொல்லுவாள். பக்கத்தில் இருப்பவள் தன் கைப்பையை எடுத்து மடியில் இறுக்கி வைத்துக்கொள்வாள். அக்காவுக்கு அதெல்லாம் கண்ணில் படாது. "உங்களுது என்ன எண்ணு, காட்டுங்க" என்று அடுத்ததற்குத் தாவியிருப்பாள்.

அவளுக்கு வேலை, தண்ணீர் மீட்டர் செய்யும் பட்டறையில் எண் பொறிப்பது. பித்தளை மூடியை இயந்திரத்தில் வைத்துக் கைப்பிடியைக் கீழே இழுத்தால் டக்கென்று எண் பதியும். கைப்பிடி மேலே போகும்போது உள்ளே இருக்கும் எண் சக்கரம் தானாகவே ஒன்று கூடிக்கொள்ளும். அடுத்த மூடி, அடுத்த எண். காலையிலிருந்து சாயங்காலம் வரை இதேதான். அக்கா லீவு போட்ட நாட்களில் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தவர்கள் எல்லாம் மத்தியானத்துக்குள் தூங்கி வழிந்தார்கள். இவளோ கைப்பிடியை இழுக்கும்போதே, வரப்போகும் எண் என்ன வகை, எதனால் வகுபடும், எதற்கு அடங்காது என்று விசாரித்துக்கொண்டிருப்பாள். விருந்துக்கு வருகிறவர்களை வாசலில் நின்று பார்க்கிற மாதிரி இருக்கும் அவள் முகம்.

பள்ளியில் படித்த கணக்கு கொஞ்சம், நூலகத்தில் பிடித்த இரண்டு புத்தகங்கள் கொஞ்சம், மீதி அவளாகத் தோண்டியது. ஓர் எண்ணை மீதியில்லாமல் வகுக்கிற சின்ன எண்களை எல்லாம் கூட்டிப் பார்ப்பாள். கூட்டினால் அந்த எண்ணே வந்தால் அது நிறைவு எண். ஆறு அப்படி: ஒன்றும் இரண்டும் மூன்றும் சேர்ந்தால் ஆறு. கூட்டியது எண்ணைத் தாண்டிப் போனால் மிகை எண், எட்டாமல் நின்றால் குறை எண். இந்த வகைகளை அவள் மனிதர்களுக்கும் வைத்திருந்தாள்.

"நம்ம சூப்பர்வைசர் குறை எண்ணு. எத்தனை பேர் சேர்ந்து உழைச்சுக் கொடுத்தாலும் பத்தலைம்பார்" என்று ஒருநாள் சாப்பாட்டு வேளையில் சொல்ல, அது சூப்பர்வைசர் காதுக்கே போய்விட்டது. அவர் அதை ஏதோ பதவி என்று நினைத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் விட்டார்.

எல்லா வகைகளுக்குள்ளும் அவளுக்கு உயிர் பகா எண்தான். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் வகுபடாதது. அதைக் கண்டுபிடிப்பதற்கு அவளிடம் ஒரு முறை இருந்தது. ஓர் எண் இரண்டு எண்களின் பெருக்கலாக உடைந்தால், அந்த இரண்டில் சின்னது ஓர் அளவுக்கு மேல் போக முடியாது. நாலு இலக்க எண் என்றால் நூறு வரை வகுத்துப் பார்த்தால் போதும். ஆறு இலக்கம் என்றால் ஆயிரம் வரை. அதிலும் எல்லா எண்ணாலும் வகுக்க வேண்டாம், பகா எண்களால் மட்டும் வகுத்தால் போதும். இரண்டில் தொடங்கி தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு வரை நூற்று அறுபத்தெட்டுப் பகா எண்களும் அவளுக்கு மனப்பாடம். துணி துவைக்கும்போது முணுமுணுத்துக்கொண்டே துவைப்பாள்.

பட்டறை இயந்திரத்தில் ஆறு சக்கரம்தான். மீட்டர்கள் பத்து லட்சத்தைத் தொட்டபோது முதலாளி புது இயந்திரம் வாங்கவில்லை. சக்கரங்களுக்கு முன்னால் அசையாத ஒரு ‘1’ அச்சைத் திருகிவிட்டு, ஆறு சக்கரத்தையும் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடவிட்டார். அந்த ஒன்றுக்கு எல்லோரும் ‘முட்டு’ என்று பேர் வைத்தார்கள். பேச்சில் அதை யாரும் சேர்ப்பதில்லை. பத்து லட்சத்து இருபதாயிரமாவது மூடி வந்தாலும் "இருபதாயிரம் ஆச்சுப்பா" என்றுதான் சொல்லுவார்கள்.

அக்காவும் தங்கையும் வாடகை வீட்டை விட்டுச் சொந்தமாக ஒரு சின்ன வீட்டுக்கு வந்தது அந்தச் சமயத்தில்தான். இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் துணி காயப்போட ஒரு ஆள் நிற்கிற இடம். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால் அக்கா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு காரணம் சொல்லுவாள், எல்லாமே நம்பும்படி இருக்கும். தங்கைக்கு ஆஸ்பத்திரி மருந்துக் கடையில் வேலை. குடிவந்த அன்று வாசல் குழாயில் பொருத்தியிருந்த மீட்டரைக் குனிந்து பார்த்த அக்கா, "அடியே, இது நான் போட்டதுடி!" என்று கத்திவிட்டாள். 1022117.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுக் காலண்டர் தாள்களின் பின்புறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவள், விளக்குப் போடுகிற நேரத்தில்தான் எழுந்தாள். ஒற்றைப்படை, அதனால் இரண்டு போச்சு. இலக்கங்களைக் கூட்டினால் பதினாலு, அதனால் மூன்றும் போச்சு. கடைசி இலக்கம் ஏழு, அதனால் ஐந்தும் போச்சு. ஏழில் மீதி ஐந்து, பதினொன்றில் மீதி எட்டு, பதிமூன்றில் மறுபடி ஐந்து. இப்படியே விடாமல் வகுத்து, கடைசியில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழால் வகுத்தபோது மீதி நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. எதற்கும் அடங்கவில்லை.

"பகா எண்ணுடி! நம்ம வீட்டு மீட்டர் பகா எண்ணு! இந்த வீட்டை எவனாலயும் பிரிக்க முடியாது!"

தங்கை காய் நறுக்கிக்கொண்டே சிரித்தாள். அக்கா அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, இந்தச் செய்தியைப் பக்கத்து வீட்டம்மாவிடம் சொல்ல ஓடினாள். பக்கத்து வீட்டுக்கு வந்திருந்தது அடுத்த மீட்டர், 1022118. அது ஆறின் மடங்கு. அதன் பாதி, மூன்றில் ஒரு பங்கு, ஆறில் ஒரு பங்கு, இந்த மூன்றைக் கூட்டினாலே முழு எண் வந்துவிடும். மேற்கொண்டு ஒன்று சேர்ந்தாலும் வழிந்துவிடும், அதனால் மிகை எண். "உங்களுது மிகை எண்ணுங்க" என்று அக்கா சொல்ல, அந்த அம்மாவுக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது. அந்த வீட்டில் எந்நேரமும் நாலு விருந்தாளி இருப்பார்கள், எண்ணும் அதற்கேற்ற மாதிரியே அமைந்துவிட்டது என்று அக்காவுக்கு ஒரே ஆச்சரியம்.

அன்றிலிருந்து பகா எண் அந்த வீட்டின் பேரானது. சண்டை வந்து தங்கை "நான் எங்கயாவது போயிடறேன்" என்றால், அக்கா வாசல் பக்கம் கையைக் காட்டுவாள். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி ஒருவர் தங்கையைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டபோதும், "என்னடி பண்றது, பகா எண்ணாச்சே" என்றாள் அக்கா. தங்கை சிரித்துவிட்டு அவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அக்கா அன்றைக்குப் பாயசம் வைத்தாள். என்ன விசேஷம் என்று பக்கத்து வீட்டம்மா கேட்டதற்கு, பால் மிஞ்சிப்போச்சு என்றாள்.

அப்புறம் லிஃப்ட் மெக்கானிக் வந்தார்.

தங்கைக்கு நாற்பத்து நாலு வயது. ஆஸ்பத்திரி லிஃப்ட் மருந்துக் கடைக்கு எதிரே இருந்தது. அது அடிக்கடி ரிப்பேர் ஆனது, அவர் அடிக்கடி வந்தார். பிறகு ரிப்பேர் ஆகாத நாட்களிலும் வந்தார். மனைவியை இழந்தவர், அதிகம் பேசாதவர். ஒருநாள் தங்கை சாப்பிட்டுக்கொண்டே, "அவரை ஒருதடவை வீட்டுக்குக் கூப்பிடலாமாக்கா" என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. அக்கா தன் தட்டை நகர்த்தி வைத்தாள். "கூப்பிடேன், யார் வேண்டாங்கறது" என்றாள்.

வந்தார். காபியும் பிஸ்கட்டும் வைத்தார்கள். பக்கத்து வீட்டு மோட்டார் அந்நேரம் பார்த்து ஓட ஆரம்பித்தது. பேச்சு எதுவும் ஓடாமல் நின்றதும் அக்கா தனக்குத் தெரிந்த ஒரே பேச்சை எடுத்தாள்.

"வாசல்ல மீட்டரைப் பாத்தீங்களா தம்பி?"

"பாக்கலீங்களே."

"பாத்துட்டுப் போங்க. அது பகா எண்ணு. எப்பேர்ப்பட்ட ஆளு வந்தாலும் பிரிக்க முடியாது."

அவர் வாயில் பிஸ்கட், காதில் மோட்டார் சத்தம். பாதிக் கடித்த பிஸ்கட்டைத் தட்டில் வைத்தார். "வேலை ஒண்ணு இருக்குங்க" என்று எழுந்தார். போகும்போது மீட்டரைக் குனிந்து பார்க்காமல் கொஞ்சம் ஒதுங்கியே போனார்.

அதன் பிறகு அவர் வரவில்லை. மருந்துக் கடைப் பக்கமும் தலை காட்டவில்லை. தங்கைதான் ஃபோன் பண்ணிக் கேட்டாள்.

"உங்க அக்கா மூஞ்சிக்கு நேரா 'இது பகையெண்ணு'ன்னுட்டாங்க, இனிமே நான் எந்த மூஞ்சியோட வர்றதுங்கறார்" என்று அக்காவிடம் வந்து சொன்னாள்.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "அட ஆண்டவனே! பகா எண்ணுடி, பகையில்ல! அந்த மனுஷன் ஸ்கூல் பக்கமே போகலையா?"

தங்கை சிரிக்கவில்லை. "நான் சொன்னேன்க்கா. நான் பூசி மெழுகறேன்னு நெனைக்கறார். நீ ஒரு வார்த்தை சொன்னாத்தான் நம்புவார்."

"சொல்றேன், சொல்றேன்."

சொல்லவில்லை. நாளைக்கு என்றாள், சம்பளம் போடட்டும் என்றாள், மழை விடட்டும் என்றாள். சும்மா சொல்லக் கூடாது, அந்த நாட்களில் அக்கா சந்தோஷமாகத்தான் இருந்தாள். தானாக வந்தது தானாகப் போயிற்று, நான் என்ன செய்தேன் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். இரண்டு தட்டு, இரண்டு டம்ளர், தொலைக்காட்சிக்கு எதிரே இரண்டு நாற்காலி. எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன.

ஆனால் தங்கை சண்டை போடுவதை நிறுத்திவிட்டாள். அந்த வீட்டில் உப்பு குறைந்தால் சண்டை, விசிறி வேகம் கூடினால் சண்டை. அதெல்லாம் போய்விட்டது. அக்கா எதைச் சொன்னாலும் "சரிக்கா" என்றாள். வேண்டுமென்றே அக்கா குழம்பில் உப்பே போடாமல் வைத்துப் பார்த்தாள். தங்கை அதையும் பேசாமல் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவப் போனாள். அக்கா பயந்துபோய்விட்டாள். மறுநாள் பட்டறையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அவர் ஓர் அலுவலகக் கட்டடத்தில் வேலையாக இருந்தார். லிஃப்டை நிறுத்தி வைத்திருந்ததால் அக்கா எட்டு மாடியும் படியேறி மொட்டைமாடி இயந்திர அறைக்குப் போய்ச் சேர்ந்தாள். வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"லிஃப்ட்காரரைப் பார்க்க வர்றதுக்கு லிஃப்ட் இல்ல பாருங்க!"

அவர் பதறிப்போய் ஒரு மரப்பெட்டியைத் துடைத்துப் போட்டார். தண்ணீர் கொடுத்தார். அவள் குடித்து முடிக்கும்வரை கையில் துணியைத் திருகிக்கொண்டு நின்றார்.

"தம்பி, நான் சொன்னது பகையில்ல. பகா. பகுன்னா பிரின்னு அர்த்தம். பகாதுன்னா பிரியாது. எங்க வீட்டு எண்ணு பிரியாத எண்ணு, அவ்வளவுதான். உங்க மேல எனக்கு என்ன பகை?"

அவர் யோசித்தார். "அப்படின்னா இது இன்னும் மோசமாச்சேக்கா."

"ஏன்?"

"பகைன்னாலாவது சமாதானம் பேசலாம். பிரியாதுன்னா நான் எங்க நுழையறது?"

அவரே பேச்சை மாற்றுகிறவர்போல, "பிரியாதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறீங்க? எல்லா எண்ணாலயும் வகுத்தா ஆயுசு பத்தாதே" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எண்ணைப் பற்றி ஒருவர் இப்படிக் கேட்டால் அக்காவால் சும்மா இருக்க முடியுமா? வந்த காரியத்தை மறந்தாள். அவரிடமிருந்து சாக்குக்கட்டியை வாங்கிக்கொண்டு சிமெண்ட் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வீட்டு மீட்டர் எண்ணை மேலே எழுதி, கீழே இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று என்று வரிசையாக எழுதிக் காட்டினாள். அவர் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து கவனமாகப் பார்த்தார்.

"இப்படியே தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தேழு வரைக்கும் போகணும். ஆயிரத்தோட நிறுத்திக்கலாம்."

"ஏன் ஆயிரத்தோட நிறுத்தணும்?"

"எண்ணு ரெண்டா உடைஞ்சா, ஒரு துண்டாவது ஆயிரத்துக்குள்ள இருந்தாகணும்ல. ஆயிரத்தை ஆயிரத்தால பெருக்கினாலே பத்து லட்சம் வந்துடும். நம்ம எண்ணு அதுக்குள்ள…"

நிறுத்தினாள். தரையில் தான் எழுதியிருந்ததைப் பார்த்தாள். இருபத்திரண்டாயிரத்து நூற்றுப் பதினேழு. முன்னால் முட்டு. முட்டோடு சேர்த்துப் படித்தால் பத்து லட்சத்து இருபத்திரண்டாயிரத்து நூற்றுப் பதினேழு. வகுக்கும்போதெல்லாம் அந்த ஒன்றைச் சேர்த்து ஒழுங்காகத்தான் வகுத்திருந்தாள். எங்கே நிறுத்துவது என்கிறபோது மட்டும், பட்டறையில் எல்லோரும் செய்வதுபோல அதை விட்டுவிட்டாள். அவள் கைக்கு அது ஆறு சக்கர எண்ணாகவே இருந்துவிட்டது.

ஆயிரத்துக்கு அப்புறம் வரும் முதல் பகா எண் ஆயிரத்து ஒன்பது. அதற்கு அடுத்தது ஆயிரத்துப் பதிமூன்று, அதை அதாலேயே பெருக்கினால் இந்த எண்ணைத் தாண்டிவிடும், அதனால் அதற்குப் போகத் தேவையில்லை. ஒரே ஒரு எண்ணைத்தான் அவள் பார்க்காமல் விட்டிருந்தாள். சாக்குக்கட்டியை அழுத்திப் பிடித்தாள். ஆயிரத்து ஒன்பதை ஆயிரத்தால் பெருக்கிக் கழித்தால் மீதி பதிமூவாயிரத்து நூற்றுப் பதினேழு. ஆயிரத்து ஒன்பதைப் பதிமூன்றால் பெருக்கினாள். பதிமூவாயிரத்து நூற்றுப் பதினேழு. கழித்தால் ஒன்றும் இல்லை.

"என்னாச்சுக்கா?"

"உடையுது தம்பி. ஆயிரத்து ஒம்பது, ஆயிரத்துப் பதிமூணு."

அக்கா அந்தப் பூஜ்யத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் எண்ணைப் பார்த்தால் அவள் புத்தி அடங்காது, அது பாட்டுக்கு ஓடியது. நடுவில் இருப்பது ஆயிரத்துப் பதினொன்று. அதை அதாலேயே பெருக்கி நாலைக் கழித்தால் இந்த எண். இந்தப் பக்கம் இரண்டு தள்ளி ஒன்று, அந்தப் பக்கம் இரண்டு தள்ளி இன்னொன்று. ஒன்றையும் இந்த இரண்டையும் கூட்டினால் இரண்டாயிரத்து இருபத்து மூன்றுதான், ஆகவே குறை எண், அதுவும் சாதாரணக் குறையில்லை.

"ஒரு தடவைதான் உடையும். ரெண்டு துண்டுமே பகா எண்ணு. அதுக்கு மேல உடையாது" என்றாள். யாருக்குச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அவர் ஈரத் துணியை எடுத்து வந்து அவள் பக்கத்தில் வைத்தார். "அழிச்சிடறதுன்னா அழிச்சிடுங்க. நான் இதை அவங்ககிட்ட சொல்லப்போறதில்ல. சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்க்கா."

அக்கா அழிக்கவில்லை. "லிஃப்டைச் சீக்கிரம் சரி பண்ணுங்க, எனக்கு இறங்கக் காலு இல்ல" என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். அக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அவரைப் பாத்துட்டு வந்தேன். பகையில்லன்னு சொல்லிட்டேன்."

தங்கையின் கை நின்றது.

"இன்னொண்ணும் சொல்லணும். நம்ம எண்ணு பகா எண்ணு இல்லடி. நான் தப்பாப் போட்டுட்டேன். அது…"

"ஆயிரத்து ஒம்பது, ஆயிரத்துப் பதிமூணு" என்றாள் தங்கை.

அக்கா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"குடிவந்த வாரமே தெரியும்க்கா. நீ ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தியே, எனக்கும் ஆசையா இருந்துச்சு. மருந்துக் கடைக் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தேன். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள சொல்லிடுச்சு."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்றது? அவ்வளவு சந்தோஷமா இருந்தே."

"அப்ப அந்த மருந்துக் கம்பெனிக்காரர்? நான் பகா எண்ணுன்னு சொன்னதாலதானே அவரை வேண்டாம்னு…"

"அய்யோ, அவரா! அவரைப் பாத்தாலே எனக்கு ஆகாதுக்கா. எண்ணு மேல பழியைப் போட்டுட்டுத் தப்பிச்சேன்." தங்கை பல நாளைக்கு அப்புறம் வாய்விட்டுச் சிரித்தாள். அக்காவுக்கும் சிரிப்பு வந்தது. பாயசத்தைச் சொல்லவில்லை.

சிரிப்பு அடங்கியதும் அக்கா கேட்டாள்: "அப்ப இவ்வளவு காலமும் எதுக்குடி இங்க இருந்தே?"

"பிரிக்க முடியாதுன்னா இருந்தேன்? உன்கூட இருக்கணும்னு தோணுச்சு, இருந்தேன்." மடித்த துணியை மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள். "இப்ப அவர்கூட இருக்கணும்னு தோணுதுக்கா. நீ அழுதேன்னா நான் போக மாட்டேன். அதனால அழாதே."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். குழாயை வேகமாகத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி, உள்ளேயிருந்தே கேட்டாள்:

"அந்த மனுஷனுக்குக் குழம்புல உப்பு எவ்வளவுடி போடணும்? ஞாயித்துக்கிழமை வரச் சொல்லியிருக்கேன்!"